சும்மா ஊர் பார்க்கப் போவது: பயணத் திட்டங்களை வாசித்தல் குறித்துச் சில குறிப்புகள்

தமிழில் பயண எழுத்தைப் பற்றிப் பேசுகிற எல்லாருமே போய் இறங்கிய இடத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். ஊர் எப்படி இருந்தது, ஜனங்கள் எப்படி நடந்துகொண்டார்கள், எழுத்தாளரின் பார்வை எவ்வளவு விசாலமாயிற்று என்பதுதான் பேச்சு. புறப்படுவதற்கு முந்தின இரவுகளைப் பற்றி யாரும் கேட்பதில்லை. எங்கே போகலாம் என்று ஆசைப்பட்டது, யாரிடம் விசாரித்தது, எந்த வண்டியில் ஏறுவது, எங்கே படுப்பது, வீட்டில் எதைச் சொல்வது எதை மறைப்பது என்று கணக்குப் போட்டது - இதெல்லாம் 'பிரதி'க்கு வெளியே கிடக்கும் வெறும் ஏற்பாடுகளாகத் தள்ளப்படுகின்றன. இந்த ஏற்பாடுகளைத்தான் முதலில் வாசிக்க வேண்டும் என்பது என் வாதம். ஒருவர் தன் பயணத்தைக் கற்பனை செய்யும்போது என்னென்ன கேட்டுக்கொள்கிறார், எந்தக் கேள்வி அவருக்குத் தோன்றவே இல்லை என்று பார்த்தால் போதும். ஆணா பெண்ணா, எந்தத் தெருக்காரர் என்பது அவர் சொல்லாமலே தெரிந்துவிடும்.

நம்முடைய மொழியே இந்த விஷயத்தில் பாரபட்சமானது. 'யாத்திரை' போனவர் மரியாதைக்குரியவர். 'சுற்றுப்பயணம்' தலைவர்களுடையது. காரணமில்லாமல் போகிறவனுக்கு 'ஊர்சுத்தி' என்று பெயர். 'பரதேசி' என்றால் வேற்று நாட்டவன் என்றுதான் அர்த்தம். இன்றைக்கு அது வசவு. பெண் அப்படிப் போனால் 'ஊர் மேயுறவ'. ஆணைப் பற்றி அதே சொல்லைச் சொன்னால் பாதிக் கேலியாகத்தான் இருக்கும். அவளுக்கு அது தீர்ப்பு. ஆக, வெளியே போக ஒரு காரணம் காட்டியாக வேண்டும் - சாமி, சாவு, கல்யாணம், வேலை, கட்சி. காரணம் கேட்கப்படாமல் புறப்படும் உரிமை சிலருக்குத்தான் இருந்திருக்கிறது. பெரும்பாலும் அவர்கள் எழுதியதைத்தான் நாம் 'பயண இலக்கியம்' என்று தொகுத்து வைத்திருக்கிறோம்.

பயணத் திட்டம் பற்றி ஐரோப்பிய இலக்கியத்தில் மிகவும் பேசப்பட்ட இடம், ஹுய்ஸ்மான்ஸ் 1884இல் வெளியிட்ட 'அ ரெபூர்' நாவலில் வருகிறது. தெ எஸ்ஸேந்த் என்ற பிரபு டிக்கன்ஸைப் படித்துவிட்டு லண்டன் போக ஆசைப்படுகிறான். பெட்டிகள் கட்டப்படுகின்றன. பாரிஸுக்கு வந்து வழிகாட்டிப் புத்தகம் வாங்குகிறான். வெளியே மழை. ஆங்கிலேயர்கள் கூடும் மதுக்கடையில் உட்காருகிறான், பிறகு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஆங்கிலேயச் சாப்பாட்டுக் கடையில் வயிறு முட்டத் தின்கிறான். லண்டனை இங்கேயே பார்த்தாகிவிட்டது, இனி எதற்குக் கப்பல் ஏற வேண்டும் என்று அதே பெட்டிகளோடு வீடு திரும்புகிறான். கற்பனை அனுபவத்தைவிட உயர்ந்தது என்பதற்கு உதாரணமாக இதை மேற்கோள் காட்டிக் காட்டி அலுத்துப்போய்விட்டது. எனக்கு அந்த அத்தியாயத்தில் கண்ணில் படுவது வேறு. அவனுக்கு எந்த இடத்திலும் 'விடுவாங்களா?' என்ற கேள்வி வரவில்லை. போகலாம் என்பது அவ்வளவு நிச்சயமாக இருப்பதால்தான் போகாமல் இருப்பதும் ஒரு ரசனையாக முடிகிறது. அனுமதி கிடைக்குமா என்று தெரியாதவனுக்கு அந்தச் சலிப்பு வாய்க்காது.

நம் பக்கத்துக்கு வருவோம். ஏ.கே. செட்டியாருக்குக் காந்தி பற்றி ஆவணப்படம் எடுக்கும் எண்ணம் 1937இல் நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போகும் கப்பலில் தோன்றியது. 1940இல் படம் வந்தது. அபாரமான உழைப்பு, சந்தேகமில்லை. ஆனால் அப்படி ஒரு எண்ணம் தோன்றுவதற்கு முதலில் அந்தக் கப்பல் தட்டில் நின்றிருக்க வேண்டும். பர்மா, மலேயா, இலங்கை என்று பரவியிருந்த நகரத்தார் வலைப்பின்னல் அவருடைய தலைமுறைக்குக் கடல் தாண்டுவதை யோசிக்கக்கூடிய காரியமாக ஆக்கிவைத்திருந்தது. தி. ஜானகிராமனும் சிட்டியும் சேர்ந்து எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி' 1971இல் வந்தது. எனக்குப் பிடித்த புத்தகம். இப்போதும் எடுத்துப் படிக்கிறேன். ஒரு நதியை அது பிறக்கும் இடத்திலிருந்து கடல் வரை பின்தொடர்வது என்ற திட்டமே அழகு. ஆனால் நதிக்கரையோரம் போகிறவர்களுக்குத் தண்ணீர் யார் தருவார்கள் என்பது திட்டமிட வேண்டிய விஷயமாக இருக்கவில்லை. இதை அந்த இருவர் மீதான குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. அந்தக் கேள்வி இல்லாமல் இருப்பதுதான் அந்த நடையின் லகுவுக்குக் காரணம் என்கிறேன்.

அந்தக் கேள்வியோடு எழுதப்பட்ட புத்தகம் ஒன்று இருக்கிறது. அதை நாம் பயண இலக்கியமாக வாசித்ததே இல்லை. அம்பேத்கர் 1930களின் நடுவில் ஆங்கிலத்தில் எழுதி, 1990இல்தான் சிறு நூலாக வெளிவந்த 'விசாவுக்காகக் காத்திருத்தல்'. தலித் இயக்கத்தில் இருப்பவர்கள் பலருக்கும் அந்த மாட்டுவண்டிக் கதை தெரியும். மேடையில் சொல்லிச் சொல்லி அது ஒரு 'கொடுமைக் கதை'யாக உறைந்துவிட்டது. சிறுவர்களுக்கு இழைக்கப்பட்டதை மட்டும் சொல்கிறோம். அவர்கள் போட்ட திட்டத்தை விட்டுவிடுகிறோம். அம்பேத்கர் அப்படி விடவில்லை. கொடுமைக்கு முன்னால் அவர் கொண்டாட்டத்தை விரிவாக எழுதியிருக்கிறார்.

1901. குடும்பம் சதாராவில். அம்மா இல்லை. அப்பா கோரேகாவில் கேஷியர். பஞ்சத்தில் அடிபட்டவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக அரசாங்கம் அங்கே குளம் வெட்டிக்கொண்டிருந்தது. கோடை விடுமுறைக்கு வந்து தங்குங்கள் என்று பிள்ளைகளுக்கு அப்பா கடிதம் எழுதுகிறார். தனக்கு அப்போது ஒன்பது வயது என்கிறார் அம்பேத்கர். அவர்களில் ஒருவர்கூட அதுவரை ரயிலைப் பார்த்ததில்லை. பிறகு ஏற்பாடு தொடங்குகிறது பாருங்கள்: சீமைத் தினுசில் சட்டைகள், ஜிலுஜிலுவென்று தொப்பிகள், புதுச் செருப்பு, பட்டுக்கரை வேட்டி. எப்படி வர வேண்டும் என்று அப்பா எல்லாம் விவரமாக எழுதியிருக்கிறார். என்றைக்குக் கிளம்புகிறீர்கள் என்று தெரிவித்தால் ஸ்டேஷனுக்குப் பியூனை அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். இவர்களும் பதில் போட்டுவிட்டார்கள். அம்பேத்கர், அண்ணன், அக்கா மகன் - மூவர் டோங்காவில் ஸ்டேஷனுக்குப் போகிறார்கள். அத்தை அழுது விழுகிறாள். அண்ணன் டிக்கெட் எடுத்துவிட்டு, இஷ்டம்போல் செலவழிக்கச் சொல்லிச் சின்னவர்கள் இருவருக்கும் ஆளுக்கு ரெண்டணா கொடுக்கிறான். முதல் காரியமாக ஆளுக்கொரு பாட்டில் லெமனேட் வாங்கிக் குடிக்கிறார்கள்.

இந்த லெமனேட்டை நாம் தவறவிட்டுவிடக் கூடாது. ஒரு சின்னப் பையன் முதல்முறையாகத் தன் காசில், தன் இஷ்டத்துக்கு, வழியில் நின்று ஒன்றை வாங்கிக் குடிக்கிறான். ஊர்சுற்றலின் சாரமே அதுதானே.

மசூர் ஸ்டேஷனில் இறங்கும்போது மாலை ஐந்து மணி. யாரும் வரவில்லை. உடுப்பைப் பார்த்து பிராமணப் பிள்ளைகள் என்று நினைத்த ஸ்டேஷன் மாஸ்டர், மகர் என்று தெரிந்ததும் முகம் மாறுகிறார். வண்டிக்காரர்கள் மறுக்கிறார்கள். கடைசியில் இரட்டைக் கூலி. பிள்ளைகளே வண்டியை ஓட்ட வேண்டும், வண்டிக்காரர் கூடவே நடந்து வருவார் என்று ஒப்பந்தம். ராத்திரி முழுக்கச் சாப்பாட்டுக் கூடை இருக்கிறது, குடிக்கத் தண்ணீர் இல்லை. சுங்கச் சாவடியில் தங்களை முஸ்லிம் என்று சொல்லி உருதுவில் கேட்டுப் பார்த்தும் கிடைக்கவில்லை. மறுநாள் முற்பகல் போய்ச் சேர்ந்த பிறகுதான் விஷயம் வெளியாகிறது: கடிதம் வந்திருக்கிறது, வேலையாள் அதை அப்பாவிடம் கொடுக்க மறந்துவிட்டான்.

இப்போது திட்டமாக இதை வாசியுங்கள். திட்டத்தில் குறையே இல்லை. தேதி, வண்டி, ஸ்டேஷன், வரவேற்க ஆள், கைச்செலவு எல்லாம் இருக்கிறது. ஒரே ஒரு கண்ணி அறுந்தது, கடிதம் சேரவில்லை. யாருக்கும் நேரக்கூடிய சாதாரண அசட்டை அது. ஸ்டேஷன் மாஸ்டர் நினைத்ததுபோல் பிராமணப் பிள்ளைகளாகவே இருந்திருந்தால் அது 'ஆள் வரலை, ஒரு வண்டி பிடிச்சுப் போயிட்டோம்' என்று ஒரு வரியில் முடிந்திருக்கும், வயதான பிறகு பேரப்பிள்ளைகளிடம் சாகசமாகச் சொல்லியிருப்பார்கள். 'திட்டம் தவறிப்போவதுதான் பயணத்தின் சுவாரசியம்' என்று எழுதுகிறவர்கள் உண்டு. தவறிப்போவதைச் சுவாரசியமாக அனுபவிக்க, அறிமுகமில்லாத மனிதர்கள் உங்களைத் தாங்கிக்கொள்வார்கள் என்ற உத்தரவாதம் வேண்டும். அந்த உத்தரவாதத்துக்குச் சாதி என்று பெயர். இவர்களுக்கு அது இல்லாததால் ஒரு கடிதம் தவறியதும் பயணம் முழுவதும் சரிகிறது.

அதே நூலில் பரோடா போன கதையும் உண்டு. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருந்த ஆண்டுகளில் தான் தீண்டப்படாதவன் என்ற நினைப்பே மனதிலிருந்து அழிந்துபோயிருந்தது என்கிறார். ஆகவே எங்கே தங்குவது என்ற கேள்வி ரயிலிலிருந்து இறங்கி வெளியே வந்த பிறகுதான் வந்து அறைகிறது. கடல்களைத் தாண்டி வந்தவருக்கு ஒரு ஸ்டேஷன் வாசலுக்கு வெளியே போக வழி தெரியவில்லை. பார்ஸி விடுதியில் பார்ஸிப் பெயரோடு தங்கி, சில நாட்களில் தடியோடு வந்தவர்களால் வெளியேற்றப்படுகிறார்.

எனக்கு முக்கியமாகப் படுவது மூன்றாவது கதை. 1934. இயக்கத் தோழர்கள் சிலர், நீங்களும் வருவதாக இருந்தால் எங்காவது ஊர் பார்க்கப் போகலாம் என்று ஆசைப்படுகிறார்கள். அவரும் சரி என்கிறார். வேருலில், அதாவது எல்லோராவில், பௌத்தக் குகைகளைப் பார்த்தே தீர வேண்டும் என்று முடிவாகிறது. ஆணும் பெண்ணுமாக முப்பது பேர் போல. நிஜாம் சமஸ்தானத்து வழியாகப் பஸ். பயண விவரத்தை யாருக்கும் அறிவிக்கவில்லை, வேண்டுமென்றே அறிவிக்கவில்லை. வெளியூர்களில் தீண்டப்படாத சுற்றுலாப் பயணிக்கு வரும் சங்கடங்களைத் தவிர்க்க அடையாளம் தெரியாமல் போவதென்று திட்டம். தங்கும் இடங்களில் உள்ள சொந்த ஆட்களுக்கு மட்டும் தகவல். தௌலதாபாத்தில் அவர்கள் தேநீரோடு காத்திருக்கிறார்கள். இருட்டுவதற்குள் கோட்டையைப் பார்த்துவிட்டு வந்து குடிக்கிறோம் என்று இவர்கள் நேரே போகிறார்கள். கோட்டை வாசலில் ஒரு குளம், வழிப் புழுதியைக் கழுவிக்கொள்கிறார்கள். பின்னாலேயே கூச்சல். ரம்ஜான் மாதம், ஒரு முஸ்லிம் பெரியவர் குளத்தைத் தீட்டாக்கிவிட்டார்கள் என்று கத்துகிறார், கூட்டம் சேர்கிறது. கடைசியில் உள்ளே விடுகிறார்கள் - எங்கேயும் தண்ணீரைத் தொடாமல் பார்த்துக்கொள்ள ஆயுதம் தாங்கிய ஒரு சிப்பாயைக் கூட அனுப்பி.

இந்த மனிதர்தான் 1927 மார்ச் 20இல் மகத்தில் ஆயிரக்கணக்கானவர்களோடு ஊர்வலமாகப் போய்ச் சவுதார் குளத்தில் தண்ணீர் குடித்தவர். மாநாடு கூட்டி, அறிவித்து, பட்டப்பகலில். ஏழு வருஷம் கழித்து, போராட்டம் எதுவும் உத்தேசிக்காமல் குகைகளைப் பார்க்கப் போகும்போது மறைந்து போகத் திட்டமிடுகிறார். போராடப் போகிறவர் வெளிப்படையாகப் போக முடிந்தது. சும்மா போகிறவர் ஒளிந்து போக வேண்டியிருந்தது. ஒடுக்கப்பட்டவர்கள் தெருவில் இறங்குவதற்கு ஒரு சமூகம், எதிர்ப்போடுதான் என்றாலும், பழகிக்கொள்கிறது. அவர்கள் வேடிக்கை பார்க்க வருவதை, கோட்டையையும் சிற்பத்தையும் மற்றவர்களைப்போல் வாய் பிளந்து பார்த்துவிட்டுத் தேநீர் குடித்துவிட்டுப் போவதை அதனால் அவ்வளவு லேசில் ஏற்க முடிவதில்லை. மகத்தைப் பற்றி எவ்வளவோ எழுதியாயிற்று. தௌலதாபாத் பயணத் திட்டத்தை ஒரு அரசியல் ஆவணமாக எடுத்துக்கொண்டு பேசியவர்களை நான் பார்க்கவில்லை.

இந்த 'மறைந்து போகும் திட்டம்' இந்தியாவில் மட்டும் உருவானதல்ல. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வாழ்ந்த தபால்காரர் விக்டர் ஹியூகோ கிரீன் 1936இல் கறுப்பின வாகன ஓட்டிகளுக்காக ஒரு கையேடு வெளியிட்டார். அவர் பெயரை வைத்து அது 'பச்சைப் புத்தகம்' ஆயிற்று. எந்த ஊரில் எந்த விடுதி இடம் தரும், எந்த வீட்டில் அறை கிடைக்கும், எந்த பங்க்கில் பெட்ரோல் போடுவார்கள், எங்கே முடி வெட்டிக்கொள்ளலாம் என்று பட்டியல். சூரியன் மறைந்த பிறகு கறுப்பர் நடமாடக் கூடாது என்று வைத்திருந்த ஊர்கள் நிறைய இருந்த நாடு அது. காரே வைத்திருந்தாலும் பாதை தெரியாமல் கிளம்ப முடியாது. தபால்காரர்களும் பயணிகளும் தகவல் சேர்த்து அனுப்ப, புத்தகம் 1960களின் நடுப்பகுதி வரை வந்தது. இந்தப் புத்தகத்துக்குத் தேவையே இல்லாத நாள் வரும், அன்றைக்கு நிறுத்திவிடுவோம் என்று அதன் முன்னுரையிலேயே எழுதினார்கள். பொது இடங்களில் பாகுபாட்டைத் தடைசெய்த சட்டம் 1964இல் வந்தது. அதற்குப் பிறகு அதிக காலம் அது வெளிவரவில்லை.

இதைப் படிக்கிறபோது எனக்கு ஆற்றுப்படை நூல்கள்தான் ஞாபகம் வந்தன. புலவர்கள் கோபிக்க வேண்டாம். போய்ப் பெற்றுவந்தவன், பெறாத தன் இனத்தானுக்கு வழி சொல்வதுதானே ஆற்றுப்படை. கூத்தர், பாணர், பொருநர், விறலியர் - எல்லாம் பசியோடு அலைகிறவர்கள். மலைபடுகடாத்தில் வழியின் அபாயங்கள் வரிசையாக வருகின்றன: பன்றிக்கு வைத்த பொறி, பாம்பு, தினைப்புனக் காவலர் யானையை விரட்ட வீசும் கவண்கல், வழுக்கும் பாறை. எந்த ஊரில் என்ன சோறு கிடைக்கும் என்பதும் உண்டு. நன்னனின் கூத்தர் என்று சொன்னால் குறவர் குடியில் உங்கள் வீட்டில் நுழைவதுபோல் நுழையலாம் என்கிறான் வழி சொல்பவன். அப்போதும் கதவு திறக்க ஒரு பெயர் வேண்டியிருந்தது. நம் தமிழாசிரியர்கள் இதையெல்லாம் 'விருந்தோம்பல்', 'இயற்கை வருணனை' என்று பிரித்துப் பாடம் நடத்திவிட்டார்கள். வழியில் செத்துப்போகாமல் இருக்க ஒரு கலைஞன் இன்னொரு கலைஞனுக்குச் சொல்லும் தகவல் என்று அதை வாசிக்கலாம். ஆற்றுப்படை அரண்மனையில் போய் முடிகிறது, கிரீனின் புத்தகம் முடிதிருத்தகத்திலும் விதவை ஒருத்தியின் மாடி அறையிலும் முடிகிறது. அந்த வித்தியாசம் சின்னதல்ல.

'விசா' என்ற சொல்லை அம்பேத்கர் சொந்த நாட்டுக்குள் போவதற்குப் பயன்படுத்தினார். வெளியே போவதற்கான நிஜக் காகிதங்களின் கதையும் இதே மாதிரிதான். வெளிநாடு செல்வது தனிமனித சுதந்திரத்தில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1967இல் சொன்னது, 1978இல் மேனகா காந்தி வழக்கில் அதை மேலும் விரித்தது. ஆனால் பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் பலருடைய பாஸ்போர்ட்டில், சில நாடுகளுக்கு வேலைக்குப் போகுமுன் குடியேற்றச் சோதனை தேவை என்ற குறிப்பு ஏறுகிறது. பாதுகாப்புக்காக என்கிறார்கள், ஏமாற்றும் ஏஜெண்டுகள் உண்டு என்பதும் உண்மைதான். 2018 ஜனவரியில் அவர்களுக்கு மட்டும் ஆரஞ்சு நிற அட்டை போடப்போவதாக அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் அந்த மாதமே கைவிட்டார்கள். படிக்காதவன் வேலைக்குத்தான் போவான், ஊர் பார்க்கப் போகமாட்டான் என்ற தீர்மானம் அந்த நிறத்துக்குள் இருந்தது.

பெண்களின் திட்டங்களைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை வேண்டும். நாடகக் குழுவில் இருக்கும் ஒரு தோழி ராத்திரி பஸ்ஸுக்கு மத்தியானத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார். எந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது, எங்கே விளக்கு எரியாது, எந்த லாட்ஜில் தனியாக வந்தால் 'கூட யாரும்மா வர்றாங்க?' என்று கேட்பார்கள் - இந்த வரைபடம் முழுக்க அவர் தலையில் இருக்கிறது. அதை அவர் எழுதியதில்லை. எழுதினால் 'அனுபவக் குறிப்பு' என்று பெண்கள் பக்கத்தில் போடுவார்கள். ஆண் எழுத்தாளர் அதே ஊர்களில் திண்ணையில் படுத்துத் தூங்கியதை எழுதினால் தேசாந்திரியின் தரிசனம்.

இனி தோழர்களோடு ஒரு சண்டை. "ஊர் சுத்திப் பாக்கணும்கிறது நடுத்தர வர்க்க ஆசை தோழர், சோத்துக்கே வழியில்லாதவன் எங்க போகப்போறான்?" என்று ஒரு கூட்டத்தில் என்னிடம் கேட்டார்கள். பஞ்ச நிவாரண வேலை நடக்கும் இடத்துக்குப் போன பிள்ளைகள்தான் பட்டுக்கரை வேட்டியும் ஜிலுஜிலு தொப்பியும் போட்டுக்கொண்டு போனார்கள் என்று பதில் சொன்னேன். ஏழைகளின் பயணத்துக்கு ஒரு துயரமோ ஒரு லட்சியமோ இருந்தாக வேண்டும் என்று எதிர்பார்ப்பது, காரணம் கேட்கிற ஊர்ப் பெரியவரின் குரல்தான். நம்முடைய இலக்கியத்திலும் அவர்கள் பஞ்சம் பிழைக்கப் போவார்கள், தோட்டத்துக்குக் கூலியாகப் போவார்கள், மாநாட்டுக்கு லாரியில் போவார்கள். மலையைப் பார்க்க ஆசைப்பட்டுப் போவதாக எத்தனை கதை இருக்கிறது?

ஒளிந்துபோகும் திட்டம் சமரசம்தானே, கையேடு போட்டுக்கொடுத்தால் அநீதிக்குப் பழகிக்கொள்ளச் சொல்வதாகாதா என்ற கேள்வி நியாயமானது. 1961 மே மாதம் வாஷிங்டனிலிருந்து கறுப்பரும் வெள்ளையருமாகப் பதின்மூன்று பேர் இரண்டு பஸ்களில் தெற்கே கிளம்பினார்கள். மறுக்கப்படும் இடத்தில் போய் உட்காருவதுதான் அவர்கள் திட்டம். அடிபட்டால் எப்படித் தாங்குவது என்று முன்கூட்டியே ஒத்திகை பார்த்துவிட்டுக் கிளம்பினார்கள். அலபாமாவில் ஒரு பஸ்ஸுக்குத் தீ வைத்தார்கள். இதுவும் பயணத் திட்டம்தான். ஆனால் குடும்பத்தோடு அத்தை வீட்டுக்குப் போகிறவன் ஒவ்வொரு முறையும் அப்படிப் போக முடியாது. அவன் கையில் கிரீனின் புத்தகம் இருந்தாக வேண்டும். இரண்டும் ஒரே காலத்தில் இருந்தன, ஒன்று மற்றதைக் கெடுத்ததாகத் தெரியவில்லை.

தமிழில் தன்வரலாறுகள் நிறைய வந்துவிட்டன. அவற்றில் சிதறிக்கிடக்கும் பயண ஏற்பாடுகளை மட்டும் யாராவது தொகுத்தால் நல்லது: வெளியூர்ப் படிப்புக்குப் போகுமுன் கேட்டுக்கொண்ட கேள்விகள், சொல்லச் சொல்லிக்கொடுத்த பொய்கள், வழியில் தவிர்த்த டீக்கடைகள். கூடவே இன்றைக்கான ஒரு ஆற்றுப்படையும் வேண்டும். போனில் வரைபடம் இருக்கிறது, அது தூரத்தையும் நேரத்தையும் சொல்லும். இரட்டைக் குவளை எந்தக் கடையில் என்று சொல்லாது. லாட்ஜில் நீட்டும் அடையாள அட்டையில் இருக்கும் பெயர் எந்த மேஜையில் என்ன ஆகும் என்றும் சொல்லாது. இதை இலக்கிய வேலையாக ஏற்கலாமா, இயக்க வேலையாகவா என்று ஒரு நாள் பேசிக்கொண்டிருந்தோம். அந்த நாடகக் குழுத் தோழி, முதலில் பஸ் ஸ்டாண்ட் கழிப்பறைகளிலிருந்து ஆரம்பிங்க, மாவட்டம் மாவட்டமா நான் சொல்றேன், எழுதிக்குங்க என்றார். விழுப்புரத்திலிருந்து தொடங்கினோம்.